சாவி மாமா

மாலை நாலே முக்காலுக்கு அந்தச் சத்தம் கேட்கும். கறுப்புக் கயிற்றில் கோத்த பதினோரு சாவிகள். இடுப்பு வாரில் தொங்கிக்கொண்டு, அவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் கலகலக்கும். ரயில்வே குவாட்டர்ஸ் பின்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்போம். யாராவது ஒருத்தன் "சாவி மாமா வந்துட்டாருடா" என்று கத்துவான். அதோடு கணக்குப் புத்தகம் மூடப்படும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் வளர்ந்த எண்பதுகளின் கடைசியில், எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் அவர்தான்.

அவர் எங்கள் இளைஞர் மன்றத்தின் ஜாகா, அதாவது காவலாளி. பதவியின் பெயர் அவ்வளவுதான். ஆனால் அவர் செய்த வேலை: கதவு திறப்பது, கூடம் கூட்டுவது, பூப்பந்து வலை கட்டுவது, கேரம் பலகை துடைப்பது, விளக்கு மாற்றுவது, கழிப்பறை கழுவுவது, சண்டை விலக்குவது, விழுந்தவன் முட்டிக்கு மஞ்சள் மருந்து போடுவது, இரவு பத்தரைக்குப் பூட்டுவது. மன்றத்தின் பெயரையும் அவருடைய சொந்தப் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும். எங்களுக்கு அவர் சாவி மாமா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத வைத்தது என் மகள். போன மாதம் மோனோரயிலில் துன் சம்பந்தன் நிலையத்தில் இறங்கி, பாடாங் பெலியா சாலையில் ஒய்.எம்.சி.ஏ கட்டடத்தைத் தாண்டி நடந்தோம். பள்ளிக் கூடைப்பந்து அணியில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். "அப்பா, கூடைப்பந்து ஒய்.எம்.சி.ஏ-வில்தான் பிறந்ததுன்னு டீச்சர் சொன்னாங்க, இங்கயா?" என்று கேட்டாள். இங்கே இல்லை, அமெரிக்காவில் என்றேன். ஆனால் 'பாடாங் பெலியா' என்றாலே இளைஞர் திடல் என்றுதானே பொருள், அந்தச் சாலையில் நின்றுகொண்டு அந்தக் கதையைச் சொல்லாமல் வர மனம் வரவில்லை. லண்டனில் 1844-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ கோலாலம்பூருக்கு வந்தது 1905-ல். கூடைப்பந்து பிறந்தது அதற்கும் 14 ஆண்டுகளுக்கு முன்னால், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில்.

1891 டிசம்பர். வெளியே பனி, விளையாட முடியாது. உள்ளே 18 மாணவர்கள், உடற்பயிற்சி சலித்துப்போய் முரண்டு பிடிக்கிறார்கள். ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாக்காரர். உள்ளே ஆட ஒரு புது விளையாட்டு கண்டுபிடி என்று அவருக்கு உத்தரவு. 13 விதிகளை யோசித்துவிட்டார். பந்தைப் போட ஏதாவது வேண்டும். கட்டடப் பொறுப்பாளர் ஸ்டெபின்ஸைக் கூடத்தில் பார்த்து, பதினெட்டு அங்குலத்தில் இரண்டு பெட்டி இருக்கிறதா என்று கேட்கிறார். பெட்டி இல்லை. சாமான் அறையில் பீச் பழக் கூடை இரண்டு கிடக்கிறது, ஆகுமா என்கிறார் ஸ்டெபின்ஸ். ஆகும். மேல்மாடத்துக் கைப்பிடியில் இரண்டு பக்கமும் ஆணியடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றுவரை உலகம் முழுக்க வளையத்தின் உயரம் பத்தடிதான்.

ஸ்டெபின்ஸிடம் பெட்டி இருந்திருந்தால் அந்த விளையாட்டுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. எனக்கு வேறொன்று தோன்றியது. சாமான் அறையில் என்ன கிடக்கிறது என்று நெய்ஸ்மித்துக்குத் தெரியாது. சாவி வைத்திருந்தவருக்குத் தெரியும். நெய்ஸ்மித் நல்ல மனிதர், தன் புத்தகத்தில் ஸ்டெபின்ஸின் பெயரை எழுதிவைத்தார். நெய்ஸ்மித் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1941-ல், அந்தப் புத்தகம் வெளிவந்தது. அதனால்தான் இன்று பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் நின்று ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல்ல முடிந்தது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்து நம் பக்கம் வந்தவர் ஒருவர் உண்டு: ஹாரி குரோ பக். சென்னையில் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் மேலாளர். 1943-ல் இறக்கும்வரை இந்தியாவிலேயே உழைத்தார். தமிழ்நாட்டில் உடற்கல்வி ஆசிரியர் என்ற ஒரு வேலையே நிலைபெற்றதில் அவருடைய பங்கு பெரியது. நந்தனம் வளாகத்தில் அவர் பெயர் இன்னும் வாழ்கிறது, வாழவும் வேண்டும். ஆனால் அந்தத் திடலில் தினமும் விடியற்காலையில் சுண்ணாம்புக் கோடு போட்டவர் யார்? என்னால் பெயர் சொல்ல முடியவில்லை.

சரி, எங்கள் ஆளுக்கு வருகிறேன்.

சாவி மாமா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கித்தா மரம் வெட்டியவர். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ரப்பரை எடுத்துச் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் எடுத்து வீடமைப்புத் திட்டம், தொழிற்பேட்டை என்று கட்டினார்கள். லயத்துச் சனம் பிரட்டுக் கலைந்தது போலக் கலைந்தது. அப்படிக் கலைந்தவர்களில் ஒருவராக, தெரிந்தவர் சொல்லி, 1986-ல் எங்கள் மன்றத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குடும்பம் கிள்ளானில், அவர் மன்றத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில். ஞாயிற்றுக்கிழமை இரவு பூட்டிவிட்டுக் கிள்ளானுக்கு ரயிலேறினால், திங்கட்கிழமை நாலே முக்காலுக்குத் திரும்பியிருப்பார். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில் ரயில் ஓட ஆரம்பித்து நூறு வருடம் ஆன சமயம் அது. அந்தப் பாதை போட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் குவாட்டர்ஸில் பாதிப் பேர்.

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படிப்பு. ஆனால் தோட்டத்தில் மணிமன்றம் இருந்த காலத்தில், புத்தக அலமாரியின் சாவி தன்னிடம்தான் இருக்கும் என்பார். "அதான்டா என் மொத சாவி" என்று சொல்லும்போது மனிதர் முகத்தில் அப்படியொரு பெருமை. பழைய ஆட்களுக்குத் தெரியும், மணிமன்றம் என்றால் நம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பேச்சு, நாடகம், பந்து, படிப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஒரு மன்றம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர் அங்கேதான் கற்றார். எங்களுக்கு மட்டை எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஐந்தாம் படிவப் பையன்களின் எஸ்.பி.எம் பரீட்சைத் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டது அந்தப் பழக்கத்தில்தான்.

கேட்டு வைத்துக்கொண்டார் என்றால், எழுதி வைத்துக்கொண்டார். மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்கும் 555 நோட்டு, அது. யார் எந்த மட்டையை எடுத்தான், எந்தப் பந்து யார் வீட்டுக் கூரையில் கிடக்கிறது, எவனுக்கு எப்போது பரீட்சை எல்லாம் அதில் இருக்கும். எழுத்துப் பிழை நிறைய. 'பரிச்ச' என்றுதான் எழுதுவார். பரீட்சை மாதத்தில் நீங்கள் போய் நின்றால் நோட்டைப் புரட்டுவார். "உனக்கு இன்னிக்கு மட்ட இல்ல. வீட்டுக்குப் போ." அப்பீல் கிடையாது. எங்கள் அப்பா அடித்தும் கேட்காத நாங்கள், அந்த நோட்டுக்கு அடங்கினோம். 1993-ல் நான் எஸ்.பி.எம் எழுதியபோது மூன்று மாதம் எனக்குக் கதவு திறக்கவில்லை. எனக்கு அப்போது கோபம். இப்போது நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

பொருளை அவர் பேணிய விதத்தைச் சொல்ல வேண்டும். பூப்பந்து ஆட்டத்தில் இறகு காய்ந்தால் உடையும். ஒரு குழல் பந்து வாங்க எங்களிடம் காசு ஏது? அதனால் மாலையில் வந்ததும் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, மூக்கிலிருந்து வரும் ஆவியில் ஒவ்வொரு பந்தையும் சில விநாடி காட்டி எடுத்து அடுக்குவார். இறகு கொஞ்சம் ஈரம் பிடித்து வளைந்து கொடுக்கும், இரண்டு ஆட்டத்துக்குப் பதில் நாலு ஆட்டம் தாங்கும். அதே தண்ணீரில் பிறகு தேத்தண்ணி போடுவார். வலையில் ஓட்டை விழுந்தால் மீன்வலை நூலால் அவரே பின்னுவார். கேரம் பலகையைத் துடைப்பதற்குத் தனியாக ஒரு வெள்ளைத் துணி; அதை வேறு எதற்கும் தொட விடமாட்டார். மன்றத்தின் ஆண்டறிக்கையில் 'விளையாட்டுச் சாதனங்கள் சிறப்பாகப் பராமரிக்கப்பட்டன' என்று ஒரு வரி வரும். யாரால் என்று இருக்காது.

மன்றத்துக்கு முன்னால் நடைபாதை. பிரிக்பீல்ட்ஸ் என்றால் பார்வையற்றோர் நிறைய நடமாடும் இடம், பார்வையற்றோர் சங்கம் இங்கேதானே இருக்கிறது. எங்கள் சைக்கிள்களை நடைபாதையில் சாய்த்துப் போட்டால் மாமா பொறுக்கமாட்டார். சத்தம் போடமாட்டார், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். சாவி வேண்டுமென்றால் அன்று அந்த வழியாக வரும் பார்வையற்றவர் ஒருவரைச் சாலை கடத்திவிட்டு வரவேண்டும். இப்படித்தான் எங்களில் பலருக்கு முழங்கையை நீட்டி அழைத்துப்போகத் தெரியும், அவர்கள் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது என்று தெரியும்.

இனி 1992 மே மாதத்து அந்த இரவு. தோமஸ் கிண்ணப் பூப்பந்து இறுதியாட்டம், ஸ்டேடியம் நெகாராவில், இந்தோனேசியாவோடு. மலேசியா கடைசியாகக் கிண்ணம் வென்றது 1967-ல். கூடத்தில் ஒரு தொலைக்காட்சி, மர அலமாரிக்குள், அதற்கும் ஒரு சாவி. அன்று அறுபது, எழுபது பேர் தரையில். தமிழர் மட்டுமில்லை, பக்கத்துச் சீனர் கடைக்காரர்கள், மலாய்க்கார ரயில்வே ஆட்கள் எல்லோரும். ரஷிட் சிடேக் வென்றார், ரசிஃப் - ஜலானி வென்றார்கள், ஃபூ கொக் கியோங் தோற்றார். கூடத்தில் மூச்சுச் சத்தம் கூட இல்லை. சியா சூன் கிட், சூ பெங் கியாங் ஜோடி கடைசிப் புள்ளியை எடுத்ததும் கூரை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். 25 வருடம் கழித்துக் கிண்ணம் வீட்டுக்கு வந்தது. ஐந்தாவது ஆட்டம் தோற்றது யாருக்கும் ஞாபகமே இல்லை.

எல்லோரும் கலைந்த பிறகு பையன்கள் நாங்கள் மட்டும் நின்றோம். மணி பத்தரையைத் தாண்டிவிட்டது, பூட்டும் நேரம் போயேபோச்சு. கேட்கத் தைரியம் இல்லை. சாவி மாமா எங்களை ஒரு தடவை பார்த்தார். போய் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டார். வலையைக் கட்டினார். கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

"ஆளுக்கு ஒரு கேம். சத்தம் போட்டா பூட்டிடுவேன்."

இரவு ஒன்றரை மணிவரை ஆடினோம். மன்றத்தில் அவர் இருந்த இருபத்தோரு வருடத்தில் அவர் விதியை மீறி நான் பார்த்தது அந்த ஒரே இரவு.

இல்லை, இன்னொரு இரவும் உண்டு. அது வேறு மாதிரி. 2001 மார்ச். கம்போங் மேடான் கலவரம். பழைய கிள்ளான் சாலைப் பக்கத்துக் குடியிருப்புகளில் ஆறு பேர் உயிர் போனது, எத்தனையோ பேர் வெட்டுக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்த வட்டாரத்து அடுக்குமாடியிலிருந்து எங்கள் மன்றத்துக்கு மேசைப்பந்து ஆட நாலு பையன்கள் மோட்டாரில் வருவார்கள். சேதி பரவியபோது அவர்கள் உள்ளே இருந்தார்கள். அதில் ஒருவன் வீட்டுக்குப் போயே ஆகவேண்டும், தங்கச்சி தனியாக இருக்கிறாள் என்று துள்ளினான். இன்னொருவன் வேறு எண்ணத்தோடு துள்ளினான், அது எங்களுக்குப் புரிந்தது. மாமா மோட்டார் சாவி நாலையும் வாங்கித் தன் கயிற்றில் கோத்துக்கொண்டார். பொதுத் தொலைபேசிக்குப் போய் நாலு வீட்டுக்கும் பேசினார். தங்கச்சி பக்கத்து மலாய்க்கார வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு வந்து சொன்னார். பையன்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். மாமா கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். நானும் அவரோடு கொஞ்ச நேரம் இருந்தேன். எதுவும் பேசவில்லை. காலையில் எல்லோருக்கும் ரொட்டி சானாய் வாங்கி வந்து, "பசியாறிட்டுப் போங்கடா" என்றார்.

அந்தக் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் பையன்களை வளைத்துப் போடக் குண்டர் கும்பல்காரர்கள் மன்ற வாசலுக்கே வருவார்கள். நல்ல சட்டை, நல்ல மோட்டார், கையில் பணம். மாமாவுக்கு உடம்பில் பலம் கிடையாது, ஐந்தடி மூன்றங்குலம். அவர் செய்தது ஒன்றே ஒன்று. அவர்களில் ஒருவன் வாசலில் நின்றால், பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "தம்பி பசியாறிட்டியா, உங்க அப்பா பேரு என்ன, எந்தத் தோட்டம்?" என்று விசாரிக்க ஆரம்பிப்பார். விடமாட்டார். அப்பா பெயரைச் சொன்னால், அவரைத் தெரியும், உங்க பாட்டி எங்க லயந்தான் என்பார். வந்தவன் கூசிப்போவான். இரண்டு முறை அப்படிப் போனவன் மூன்றாம் முறை வந்ததில்லை.

இனி சொல்ல வருவது எனக்கு வலிக்கிற பகுதி.

2004-ல் நான் மன்றத்தின் பொருளாளர் ஆனேன். கணக்குப் புத்தகத்தில் மாமாவுக்கு மாதம் 350 வெள்ளி. தலைப்பு 'சம்பளம்' என்று இல்லை, 'படி' என்று இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படி எழுதினார்கள், நானும் அப்படியே எழுதினேன். 2007-ல் மாமாவுக்கு முட்டி போய்விட்டது. ஏணி ஏற முடியவில்லை, விளக்கு மாற்ற முடியவில்லை. கிள்ளானுக்கே போய்விடுகிறேன் என்றார். வழியனுப்பு விழா வைத்தோம், மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம். மறுநாள், பணத்தை எடுக்க உதவி செய்யலாம் என்று அவரை இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

தோட்டத்தில் வேலை செய்த காலத்துப் பணம் கொஞ்சம் இருந்தது. மன்றத்தில் வேலை செய்த 21 வருடத்துக்கு ஒரு காசு இல்லை. நாங்கள் கட்டவே இல்லை. சொக்சோ காப்புறுதியும் இல்லை. ஏணியிலிருந்து அவர் விழுந்திருந்தால் கேட்பாரில்லை. அவர் சம்பளத்துக்கு அன்றைய கணக்கில் முதலாளி பங்கு மாதம் நாற்பது வெள்ளி சொச்சம். ஒரே ஓர் ஆண்டு விருந்துக்கு நாங்கள் செலவழித்த பணத்தில் அவருக்குப் பல வருடம் கட்டியிருக்கலாம். கணக்குப் புத்தகம் என் கையில் மூன்று வருடம் இருந்தது. நான் கேட்கவில்லை. அவர் முகப்பில் உட்கார்ந்திருந்தார், கையில் எண் சீட்டு. நான் விவரத்தைச் சொன்னதும், "பரவால்ல தம்பி, மன்றத்துல ஏது காசு" என்றார். எங்களைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பழைய பையன்கள் எல்லோரும் சேர்ந்து பணம் போட்டோம். டாக்டர் ஆனவன், லாரி ஓட்டுபவன், சிங்கப்பூரில் இருப்பவன் என எல்லோரும். தொகையைச் சொல்லமாட்டேன். கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டு, பிறகு கொடுத்ததை நன்கொடை என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை. 2012-ல் மாமா கிள்ளானில் காலமானார். குடும்பத்தார் அவருடைய 555 நோட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எங்களிடம் கொடுத்தார்கள். என் பெயர் இருக்கும் பக்கத்தில், '93 பரிச்ச, மட்ட இல்ல' என்று இருக்கிறது. கீழே வேறு மையில், 'பாஸ்'.

இந்தப் பதிவைப் படிப்பவர்களில் கோயில், சங்கம், மன்றம், விளையாட்டுக் கழகம் என்று ஏதாவது ஒன்றில் பொறுப்பில் இருப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். நம் ஆட்கள் இல்லாத சங்கமா? உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். 1991-ஆம் ஆண்டு இ.பி.எஃப் சட்டப்படி ஓர் ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் கட்ட வேண்டும். சின்ன மன்றம், லாபம் பார்க்காத மன்றம் என்பதெல்லாம் காரணமில்லை. மாதச் சம்பளம் 5,000 வெள்ளிவரை முதலாளி பங்கு 13 விழுக்காடு. கட்டாமல் விட்டால் 10,000 வெள்ளிவரை அபராதம், மூன்றாண்டுவரை சிறை, அல்லது இரண்டும். குறைந்தபட்சச் சம்பளமும் இப்போது 1,700 வெள்ளி. 'படி' என்று தலைப்பு மாற்றி எழுதினால் சம்பளம் படியாகிவிடாது.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம்ம இடத்துக்குச் சாவி வைத்திருப்பவருக்கு இ.பி.எஃப் கட்டுகிறோமா? இல்லை என்று பதில் வந்தால், அன்றைக்கே கட்ட ஆரம்பியுங்கள். அவர் ஓய்வு பெறும்வரை காத்திருக்காதீர்கள்.